காற்று ஒரே மாதிரி தள்ளுவதில்லை: ஆலன் டேவன்போர்ட்டின் வாழ்வும் வேலையும்

2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைக் கடந்த நாள். அன்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒன்று நன்றாக நினைவிருக்கும். காற்று ஒரே சீராக வீசவில்லை. இரைந்துகொண்டு வரும், ஜன்னலை உலுக்கும், ஒரு நொடி மூச்சு வாங்குவதுபோல் அடங்கும், அப்புறம் முன்னைவிடப் பலமாக வந்து மோதும். எதிர்வீட்டுத் தென்னை தலைவிரித்து ஆடும்போது பக்கத்து வேம்பு சற்று அமைதியாக நிற்கும். அடுத்த கணம் வேம்பு ஆடும், தென்னை நிமிரும்.

பத்து அடி தள்ளி நிற்கும் இரண்டு மரங்கள் ஒரே நேரத்தில் ஒரே அடியை வாங்குவதில்லை. பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தைக் கடல்மேல் தொங்கவிடப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. இதைக் கணக்காக எழுதி, பாலங்களையும் உயரமான கட்டடங்களையும் வடிவமைக்கும் முறையையே மாற்றியவர் ஆலன் கார்னெட் டேவன்போர்ட். பொறியாளர், பேராசிரியர், கனடாவின் கடற்படைச் சேமப்பிரிவில் விமானியாகவும் இருந்தவர். 1932 செப்டம்பர் 19 அன்று பிறந்தார். பிறந்த ஊர் மதராஸ்.

மதராஸில் பிறந்ததால் அவரை நம்மூர்க்காரர் என்று சொந்தம் கொண்டாட நான் வரவில்லை. வளர்ந்தது தென்னாப்பிரிக்காவில், பொறியியல் படித்தது கேம்பிரிட்ஜில், வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தது கனடாவில். ஆனாலும் புயலை ஆண்டுதோறும் எதிர்பார்த்து நிற்கும் ஒரு கடற்கரை ஊரில் பிறந்த குழந்தை, பிற்காலத்தில் உலகத்துக்கே காற்றைக் கணக்கிடக் கற்றுக்கொடுத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இங்கே அவர் பெயர் பொறியியல் வகுப்பறைகளுக்கு வெளியே தெரியவில்லையே என்ற வருத்தமும் கூடவே வருகிறது.

அவர் என்ன செய்தார் என்பது புரிய, அவருக்கு முந்தைய காலத்துக்குக் கொஞ்சம் போக வேண்டும்.

1879 டிசம்பர் 28 இரவு ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலத்தின் நடுப்பகுதி புயலில் சரிந்தது. அப்போது அதன்மேல் போய்க்கொண்டிருந்த ரயிலும் ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணையில் வெளிவந்த செய்தி மனதை உலுக்கக்கூடியது: காற்றின் விசைக்கென்று அந்தப் பாலத்தின் கணக்கில் தனியாக எதுவும் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு பயம் மறுபக்கம் சாய்ந்தது. 1890-இல் திறக்கப்பட்ட ஃபோர்த் ரயில் பாலத்தைச் சதுர அடிக்கு 56 பவுண்டு காற்றழுத்தம் தாங்கும்படி கட்டினார்கள். இன்றைக்கும் அந்தப் பாலம் யானைக்கூட்டம் போல அசையாமல் நிற்கிறது. அந்த 56 எங்கிருந்து வந்தது என்றால், அளந்து கிடைத்ததைவிட அஞ்சிக் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பாலத்தைக் கட்டிய பெஞ்சமின் பேக்கர் ஒரு நல்ல காரியம் செய்தார். பாலம் அமையவிருந்த இடத்தில், இன்ச்கார்வி என்ற சிறு தீவில், காற்றை அளக்கப் பலகைகளை நிறுத்தினார். ஒன்று வெறும் ஒன்றரை சதுர அடி. இன்னொன்று 300 சதுர அடி. பலத்த காற்றில் சின்னப் பலகையில் பதிவான அழுத்தத்தைவிடப் பெரிய பலகையில் சதுர அடிக்குப் பதிவான அழுத்தம் எப்போதும் கணிசமாகக் குறைவாக இருந்தது. காரணம் நம் தென்னையும் வேம்பும்தான். ஓங்கி அடிக்கும் வீச்சு சின்னப் பலகையை முழுதாக மூடிவிடும். பெரிய பலகையின் ஒரு மூலையில் அது அடிக்கும்போது இன்னொரு மூலையில் காற்று தளர்ந்திருக்கும். பேக்கர் இதைக் கண்ணால் பார்த்தார், பதிவும் செய்தார். ஆனால் இதைக் கணக்காக மாற்ற ஒரு மொழி தேவைப்பட்டது. அது கிடைக்க இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

இடையில் டகோமா வந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலை 1 அன்று திறந்த தொங்கு பாலம், அதே ஆண்டு நவம்பர் 7 அன்று முறுக்கிக்கொண்டு அறுந்து விழுந்தது. கோபுரத்துக்குக் கோபுரம் 853 மீட்டர், அகலமோ 12 மீட்டருக்கும் குறைவு. அன்று வீசிய காற்று மணிக்குச் சுமார் 67 கிலோமீட்டர் வேகம்தான். அதைவிடப் பல மடங்கு பலமான காற்றின் தள்ளலைத் தாங்கும் என்று கணக்குப் போட்டே அதைக் கட்டியிருந்தார்கள். அந்தக் கணக்கில் தவறு இல்லை. தள்ளலை மட்டும் கணக்கிட்டதுதான் தவறு. ஆடத் தொடங்கிய தளம், தன் ஆட்டத்தாலேயே காற்றிலிருந்து மேலும் மேலும் சக்தியை வாங்கிக்கொண்டது. விமானக்காரர்கள் இதை இறக்கையில் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள், ஃப்ளட்டர் என்று பெயரும் வைத்திருந்தார்கள். நம் பள்ளிப் புத்தகங்களில் டகோமாவை வெறும் ஒத்ததிர்வுக்கு உதாரணமாகக் காட்டும் பழக்கம் இருக்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவது ஒத்ததிர்வு. டகோமாவில் ஊஞ்சலே, தன்னைத் தள்ளும் கையை ஆட்டிவைத்தது.

அந்த விபத்துக்குப் பிறகுதான் பாலம் கட்டுபவர்கள் விமானக்காரர்களின் கதவைத் தட்டினார்கள். டேவன்போர்ட்டின் கதை இந்தக் கதவருகில் தொடங்குகிறது.

கேம்பிரிட்ஜ் படிப்பை 1954-இல் முடித்துவிட்டுக் கனடா போனார். டொரான்டோ பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டே 1957-இல் முதுகலைப் பட்டம் வாங்கினார். கடற்படைச் சேமப்பிரிவில் விமானம் ஓட்டியது இந்தக் காலத்தை ஒட்டித்தான். விமானம் ஓட்டுபவருக்குக் காற்று ஒரு பாடத்தலைப்பாக இருக்க முடியாது. மேலே சீராக ஓடும் காற்று தரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, குலைந்து, மரம் மட்டை வீடுகளில் பட்டுச் சுழிக்கும். தரையிறங்கும் கடைசி நிமிடத்தில் அந்தச் சுழிப்பு கைப்பிடி வழியாக உள்ளங்கைக்கு வரும். இந்த அனுபவம்தான் அவரை ஆராய்ச்சிக்குத் தள்ளியது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பிற்பாடு எழுதியதையெல்லாம் படிக்கும்போது, காற்றை உடம்பால் அறிந்தவர் எழுதியதாகவே எனக்குப் படுகிறது.

ஆய்வுப் பட்டத்துக்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே பேராசிரியராக இருந்தவர் சர் ஆல்ஃபிரட் பக்ஸ்லி. அவரும் வானத்திலிருந்து பாலத்துக்கு இறங்கியவர்தான். இளவயதில் கார்டிங்டனில் ஆகாயக் கப்பல் கட்டும் பணி, பிறகு ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சி, 1944-இலிருந்து பிரிஸ்டலில் தொங்கு பாலங்களும் கட்டுமானப் பாதுகாப்பும். ஒரு கட்டமைப்பு விழாது என்று சத்தியம் செய்ய முடியாது, விழுவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது. டேவன்போர்ட்டுக்கு வாய்த்த மண் அது.

1961-இல் அவர் கொடுத்த ஆய்வேடு, உயரமான கம்பங்கள்மீதும் தொங்கு பாலங்கள்மீதும் விழும் காற்றுச் சுமையைப் புள்ளியியல் வழியில் அணுகுவது பற்றியது. புள்ளியியல் என்றதும் படிப்பதை நிறுத்திவிட வேண்டாம். சாரம் எளிமையானது.

கடற்கரையில் நின்று அலையைப் பாருங்கள். அடுத்த அலை எவ்வளவு உயரம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மணி நேரம் பார்த்தவருக்கு, சராசரி உயரம் என்ன, சின்ன அலைகள் எத்தனைக்கு ஒரு பெரிய அலை வருகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். தனி அலை புரியாது, கடலின் சுபாவம் புரியும். காற்றும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட நொடியில் எப்படி அடிக்கும் என்று சொல்ல முடியாவிட்டாலும், அதில் எந்த அளவுச் சுழிகள் எவ்வளவு இருக்கின்றன என்று சொல்ல முடியும். டேவன்போர்ட் பல இடங்களில், பல உயரங்களில் பலத்த காற்றின்போது எடுத்திருந்த சுமார் 70 பதிவுகளைத் திரட்டினார். ஒவ்வொன்றிலும் பெரிய சுழிகளின் பங்கு என்ன, சின்னச் சுழிகளின் பங்கு என்ன என்று பிரித்துப் பார்த்தார். வெள்ளை ஒளியை முப்பட்டகம் வண்ணங்களாகப் பிரிப்பதுபோல. இடத்துக்கு இடம் காற்றின் வேகம் மாறினாலும் இந்தப் பங்கீட்டின் வடிவம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. அதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். இன்றும் உலகம் முழுக்க அது டேவன்போர்ட் நிறமாலை என்றே வழங்குகிறது.

அந்தப் பங்கீடு காட்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பலத்த காற்றின் சக்தியில் பெரும்பங்கு, அரை கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளம் கொண்ட சுழிகளில் இருக்கிறது. விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் 600 மீட்டர் நீளச் சுழி ஒன்று ஓர் இடத்தைக் கடக்க 20 விநாடி ஆகும். இரண்டு மாடி வீடு ஒருமுறை அசைந்து திரும்ப ஒரு விநாடியில் பத்தில் சில பங்குதான் ஆகும். அதற்கும் 20 விநாடிக்கும் ஒட்டே இல்லை, ஆகவே வீடு இந்தத் தாளத்துக்கு ஆடாது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் தொங்கு பாலமோ ஒருமுறை இறங்கி ஏற 10 விநாடி போல எடுத்துக்கொள்ளும். அப்படியானால் பாலம் எவ்வளவுக்கு எவ்வளவு நீளுகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு காற்றின் தாளத்துக்குள் போய் நிற்கிறது. பழைய ஒற்றை எண் கணக்கில் இந்த அபாயம் கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு பக்கம், நீளம் பாலத்துக்கு உதவியும் செய்கிறது. ஒரே வீச்சு பாலம் முழுவதையும் ஒரே நேரத்தில் மூட முடியாது. பேக்கரின் பெரிய பலகை காட்டிய அதே உண்மை. பாலத்தில் 50 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு புள்ளிகளை ஒரே நேரத்தில் அடிக்கும் ஒற்றுமை எவ்வளவு, 200 மீட்டர் தள்ளினால் எவ்வளவு குறைகிறது என்பதற்கும் டேவன்போர்ட் ஒரு கணக்கு கொடுத்தார். ஆபத்து எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது, இரண்டையும் ஒரே தாளில் எழுத முடிந்தது அப்போதுதான்.

இந்த இடத்தில் ஒரு கடனைச் சொல்லியாக வேண்டும். கொந்தளிப்பான காற்றில் விமான இறக்கை எப்படி உலுக்கப்படுகிறது என்பதைப் புள்ளியியல் வழியில் ஆராய்ந்து 1952-இல் எழுதியவர் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் இருந்த ஹான்ஸ் லீப்மன். அந்த வழியைத் தரையில் நிற்கும் கட்டமைப்புகளுக்கு டேவன்போர்ட் கொண்டுவந்தார். இறக்கையை உலுக்கும் காற்றையும் பாலத்தை உலுக்கும் காற்றையும் ஒரே பார்வையில் பார்க்க, விமானமும் தெரிந்த, பாலமும் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது. 1962-இல் புயற்காற்றில் தொங்கு பாலம் உலுக்கப்படுவது பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையை, டகோமாவுக்குப் பின் இந்தத் துறையில் நடந்த மிகப் பெரிய நகர்வாக நான் மதிக்கிறேன். டகோமா பாடம் ஃப்ளட்டரைப் பற்றியது, அது நேர்ந்தால் பாலம் போயிற்று. டேவன்போர்ட் பேசியது, பாலம் விழாமல் நூறாண்டு நிற்கும்போது ஒவ்வொரு புயலிலும் அது படும் பாட்டைப் பற்றி.

1961-இல் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது இருப்பது லண்டனில். இங்கிலாந்தின் லண்டன் இல்லை, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதே பெயரில் உள்ள நகரம், ஊடே ஓடும் ஆற்றுக்கும் தேம்ஸ் என்றே பெயர். அங்கே 1965-இல் அவர் தொடங்கிய காற்றுச் சுரங்க ஆய்வுக்கூடம்தான் அவருடைய இரண்டாவது பெரிய காரியம்.

காற்றுச் சுரங்கம், அதாவது மாதிரியை உள்ளே வைத்து விசிறியால் காற்றை ஓடவிட்டு அளக்கும் நீண்ட கூடம், புதிதல்ல. விமானத்துக்காக எத்தனையோ இருந்தன. ஆனால் விமானக்காரர்களுக்குத் தேவை, வானத்தில் இருப்பதுபோல வழுவழுப்பான சீரான காற்று. பாலமும் கட்டடமும் நிற்பது தரையில். தரைக்காற்று அப்படியா இருக்கிறது? மேலே போகப் போக வேகம் கூடும், கீழே வர வரச் சுழிப்பு கூடும். டென்மார்க்கில் மார்ட்டின் யென்சன் 1958-இலேயே இதைக் காட்டியிருந்தார்: வீட்டு மாதிரியைச் சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பதானால், முன்னால் இருக்கும் தரையின் சொரசொரப்பையும் அதே விகிதத்தில் சிறிதாக்கி வைக்காவிட்டால் விடை தவறிவிடும். அமெரிக்காவின் கொலராடோவில் ஜாக் செர்மாக் நீளமான காற்றுச் சுரங்கம் ஒன்றை நடத்திவந்தார். அதே வழியில், பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் என்றே நீண்ட சுரங்கம் ஒன்றை டேவன்போர்ட் கட்டினார். மாதிரியை எட்டுவதற்கு முன் காற்று நெடுந்தூரம் சின்னச் சின்னக் கட்டைகளின்மீது உருண்டு வர வேண்டும். கட்டைகளை மாற்றினால் வயல்வெளிக் காற்று புறநகர்க் காற்றாகும், இன்னும் உயர்த்தினால் மாநகரக் காற்றாகும்.

இதன் பின்னாலும் அவருடைய கணக்கு இருந்தது. திறந்த வெளியில் காற்று தரையின் உராய்விலிருந்து விடுபட சுமார் 275 மீட்டர் உயரம் போதும், புறநகரில் சுமார் 400 மீட்டர், பெரிய நகரின் நடுவில் 500 மீட்டருக்கும் மேல் போக வேண்டும் என்று 1960-இல் வகுத்திருந்தார். ஓர் ஊரின் காற்று எப்படி இருக்கும் என்பதை அந்த ஊரின் வானம் மட்டும் தீர்மானிப்பதில்லை, அதன் வீடுகளும் தோப்புகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. நாம் வீடு கட்டக் கட்ட நம் தலைக்கு மேலே காற்றின் வடிவமும் மாறிக்கொண்டே வருகிறது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது.

அந்தச் சுரங்கத்துக்கு வந்த பாலங்களில் ஒன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தைக் கடக்கும் பாலம். இன்று அதன் பெயர் ஏ. மரே மக்கே பாலம், 1970-இல் திறந்தது, நடு இடைவெளி சுமார் 426 மீட்டர். முழுப் பாலத்தையும் சிறிதாக்கிச் செய்தால் சுரங்கத்துக்குள் அடங்க வேண்டும், அடங்கும்படி செய்தால் விவரம் போய்விடும். டேவன்போர்ட்டின் குழு வேறு வழி கண்டது. சுரங்கத்தின் குறுக்கே இரண்டு கம்பிகளை இழுத்துக் கட்டி, பாலத் தளத்தின் துண்டுகளை அதில் வரிசையாகக் கோத்தார்கள். கம்பியின் இறுக்கத்தைச் சரிசெய்தால் அந்த மாலை, நிஜப் பாலத்தின் நடுப்பகுதி போலவே ஏறி இறங்கும், முறுக்கிக்கொள்ளும். கொந்தளிக்கும் காற்றில் வைத்து அதைப் பார்க்கலாம். வீணைத் தந்தியைச் சுருதி கூட்டுவதுபோல ஒரு பாலத்தைச் சுருதி கூட்டியிருக்கிறார்கள்.

அந்த ஆய்வின் இன்னொரு அம்சம், பாலம் முடிந்த நிலையை மட்டும் பார்க்காமல் கட்டிக்கொண்டிருக்கும் நிலையையும் பார்த்தது. தொங்கு பாலத்தின் தளத்தைத் துண்டு துண்டாகத் தூக்கி மாட்டுவார்கள். பாதி மாட்டிய நிலையில் அதற்கு இறுக்கமும் முழுதாக வந்திருக்காது, எடையும் முழுதாக இருக்காது. அதன் வாழ்நாளிலேயே காற்றுக்கு மிகவும் அஞ்ச வேண்டிய மாதங்கள் அவை. அந்த மாதங்களில் அதன்மேல் நின்று வேலை செய்பவர்கள் தொழிலாளர்கள். பிரான்ஸின் நார்மண்டி பாலம், இத்தாலியில் மெசினா நீரிணைக்குத் திட்டமிட்ட 3,300 மீட்டர்ப் பாலம் என்று பிற்பாடு அவர் கவனத்துக்கு வந்த பெரிய பாலங்கள் பல.

கட்டடங்களும் வந்தன. நியூயார்க்கின் உலக வர்த்தக மையம், சிகாகோவின் சியர்ஸ் டவர், டொரான்டோவின் சி.என். டவர். வர்த்தக மைய வேலை தொடங்கியபோது அவருக்கு முப்பது சொச்சம் வயது. இவற்றில் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புவது சிட்டிகார்ப் கதையை.

நியூயார்க்கில் 1977-இல் முடிந்த 59 மாடிக் கட்டடம் அது. மூலைகளில் தூண் கிடையாது, நான்கு பக்கங்களின் நடுவில்தான் பெருந்தூண்கள். 1978-இல் அதை வடிவமைத்த வில்லியம் லெமெஷூரியர் தன் கணக்கைத் தானே திரும்பப் பார்த்தார். நேராக வரும் காற்றுக்குக் கட்டடம் சரி. மூலையை நோக்கிக் கோணலாக வரும் காற்றில் சில குறுக்குச் சட்டங்களின் விசை 40 சதவீதம் கூடியது. பற்றவைக்க வேண்டிய இணைப்புகளை போல்ட் போட்டு இணைத்திருந்தார்கள் என்பதும் தெரியவந்தது. அவர் நேராகப் போனது லண்டன் ஒன்டாரியோவுக்கு, டேவன்போர்ட்டிடம். அந்தக் கட்டடத்தின் மாதிரியை அவர்தான் முன்பே சோதித்திருந்தார். பழைய பதிவுகளைப் புதிய கேள்வியோடு மறுபடி பார்த்தபோது ஆறுதல் கிடைக்கவில்லை. நிஜமான கொந்தளிப்பில், கட்டடம் ஆடும்போது, விசை 40 சதவீதத்துக்கும் மேலே போகக்கூடும் என்று தெரிந்தது. அந்த விடையை வைத்துத்தான் லெமெஷூரியர் உண்மையை வெளியே சொல்வது என்று முடிவெடுத்தார். இரவு இரவாக இணைப்புகளின் மேல் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்தார்கள். அந்த செப்டம்பரில் எல்லா என்ற புயல் கடலில் உருவாகி நகரத்தைப் பயமுறுத்தி விலகிப்போனது. பொதுமக்களுக்கு இதெல்லாம் தெரியவந்தது 1995-இல்தான். தன் தவறைச் சொன்ன லெமெஷூரியரைப் பலர் போற்றியிருக்கிறார்கள், சரிதான். அவர் நம்பி ஓடிப்போய்க் கேட்க ஒரு இடம் இருந்தது, அங்கே இருந்தவர் நண்பருக்காக எண்ணை மென்மையாக்கிச் சொல்லவில்லை. அதையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இத்தனையையும் அவர் ஒரு சங்கிலியாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு பகுதியில் எவ்வளவு பலமான காற்று எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்பது முதல் கண்ணி. அது அந்த இடத்தின் தரையில் உரசி என்னவாகிறது என்பது அடுத்தது. பிறகு கட்டமைப்பின் வடிவம் காற்றை எப்படி வாங்குகிறது, வாங்கிய கட்டமைப்பு எப்படி ஆடுகிறது, கடைசியில் அந்த ஆட்டம் எந்த அளவுக்கு மேல் போனால் ஆபத்து அல்லது உள்ளே இருப்பவருக்குத் தாங்காது. ஐந்தில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால் மற்ற நான்கை எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டும் பயனில்லை. லட்சக்கணக்கில் செலவழித்து மாதிரி சோதனை செய்துவிட்டு, ஊர்க் காற்றின் பதிவை மட்டும் ஏதோ ஒரு விமான நிலையத்திலிருந்து யோசிக்காமல் எடுத்துப் போடுவது இன்றைக்கும் நடக்கக்கூடிய பிழைதான்.

1967-இல் அவர் கொடுத்த வீச்சுக் காரணி முறை, இந்தச் சங்கிலியைச் சாதாரணப் பொறியாளரின் கைக்குக் கொண்டுவந்தது. காற்றின் ஒரு மணி நேரச் சராசரியை எடுத்துக்கொள், அதைக் கட்டமைப்பின் அளவுக்கும் ஆடும் குணத்துக்கும் ஏற்ற ஒரு காரணியால் பெருக்கு. கணினி அறை அளவுக்கு இருந்த காலத்தில், தாளும் பேனாவும் வைத்திருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கனடாவின் கட்டட விதிகளில் அது இடம்பிடித்தது, பின் மற்ற நாடுகளுக்குப் பரவியது. நம் இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதியைப் புரட்டினால், நிலப்பரப்பைத் திறந்தவெளியிலிருந்து நெருக்கமான நகரம் வரை நான்கு வகையாகப் பிரித்திருப்பதையும், ஆடக்கூடிய உயர்ந்த கட்டமைப்புகளுக்கு வீச்சுக் காரணியைக் கணக்கிடச் சொல்வதையும் பார்க்கலாம். அதே விதியில்தான் சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர் என்றும், மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் 39 என்றும் இருக்கிறது. தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்திலும் தரைக்காற்றைப் போலவே உண்டாக்கும் நீண்ட காற்றுச் சுரங்கம் ஒன்று இயங்குகிறது.

பெரிய பாலம், பெரிய கோபுரம் என்று பெயர் வாங்கியவர் 1970-களில் சின்னக் கட்டடங்களின் பக்கம் திரும்பியது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. புயலில் சாவு நேர்வது பெரும்பாலும் வானுயர்ந்த கட்டடங்களில் இல்லை, தாழ்ந்த வீடுகளில். அவற்றைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்க்க, யென்சன் போன்ற ஓரிருவரைத் தவிர, அதுவரை பெரிதாக யாரும் மெனக்கெடவில்லை. அவரும் அவருடன் இருந்தவர்களும் தாழ்ந்த கட்டட மாதிரிகளை எல்லாத் திசையிலிருந்தும் வரும் காற்றில் வைத்து அளந்தார்கள். கூரையைக் காற்று அழுத்துவதைவிட உறிஞ்சி மேலே தூக்குவதே அதிகம், அதிலும் மூலைகளிலும் ஓரங்களிலும் அந்த உறிஞ்சல் மிகக் கடுமை என்பது எண்களாக வெளிவந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். அம்மி பறக்காது, ஆனால் மூலையில் ஒரு போல்ட் தளர்ந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறக்கும். 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம் பக்கம் போனவர்கள் எத்தனை கூரைகள் ஓரத்திலிருந்து உரிந்து கிடந்தன என்று பார்த்திருப்பார்கள். ஓரத்தில் ஆணியை நெருக்கமாக அடி என்ற எளிய அறிவுரைக்குப் பின்னால் அந்த மாதிரி வீடுகளின் ஆயிரக்கணக்கான அளவீடுகள் இருக்கின்றன.

1990-களில் இயற்கைப் பேரிடர்களைக் குறைப்பதற்கான சர்வதேசப் பத்தாண்டு வந்தபோது கனடாவின் பணியில் முன்னின்றார். பேரிடர் இழப்பைக் குறைப்பதற்கென்றே அங்கே ஓர் ஆய்வு நிறுவனம் உருவாகவும் துணைநின்றார். 2002-இல் கனடா அரசு தன் உயரிய குடிமை விருதான ஆர்டர் ஆஃப் கனடாவை அவருக்கு அளித்தது.

2009 ஜூலை 19 அன்று, 76 வயதில் இறந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 2011-இல், காற்றுப் பொறியாளர்களின் சர்வதேச மாநாடு ஆம்ஸ்டர்டாமில் கூடியது. அவர் கற்றுக்கொடுத்த அந்த ஐந்து கண்ணிச் சங்கிலிக்கு ஆலன் ஜி. டேவன்போர்ட் காற்றுச்சுமைச் சங்கிலி என்று அங்கே முறைப்படி பெயரிட்டார்கள். இன்று ஒரு பாலத்தின் வரைபடத்தோடு வரும் காற்று அறிக்கையைப் பிரித்தால், உள்ளே அத்தியாயங்கள் பெரும்பாலும் அந்த வரிசையிலேயே இருக்கும்: முதலில் ஊரின் காற்று, அப்புறம் தரை, வடிவம், ஆட்டம், கடைசியில் எல்லை.